வேலிக்கு வெளியே ஒரு முழம்

அந்தத் தீவின் மணலில் ஒரு பயற்றங்கொடி படர்ந்து கிடந்தது. உலகத்தில் வேறெங்கும் இது கிடையாது என்று சொல்லி, ஆட்கள் வந்து அதைச் சுற்றிக் கம்பிவேலி போட்டார்கள். காவலுக்கு வந்த செபஸ்தியான் தினமும் ஒரு குடம் நல்ல தண்ணீர் ஊற்றி, "நல்லா இரு தாயீ" என்று சொல்லிவிட்டுப் போவான்.

கொடிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஆனாலும் சந்தோஷமாக இருந்தது. அந்த உற்சாகத்தில் வேலிக்கு வெளியே ஒரு முழம் நீண்டு, மஞ்சளாய் ஒரு பூவும் பூத்தது.

மறுநாள் செபஸ்தியான் வேலியோரம் களை எடுத்தான். வெளியே நீண்டிருந்ததையும் பிடுங்கி ஆட்டுக்குப் போட்டான். பிறகு உள்ளே வந்து தண்ணீர் ஊற்றினான். "நல்லா இரு தாயீ."

கொடி பக்கத்து வளையிலிருந்த நண்டைக் கூப்பிட்டது. "தம்பி, இப்ப ஆடு தின்னுச்சே, அது யாரு?"

"நீதான் அக்கா."

"அப்ப இந்த ஆளு தண்ணி ஊத்துறது யாருக்கு?"

நண்டு கண்ணை நீட்டி வேலியைப் பார்த்தது, கொடியைப் பார்த்தது. "அதுவும் உனக்குத்தான்னு நினைக்கிறேன். எனக்கே குழப்பமா இருக்கு."

அன்றிலிருந்து கொடி தன் நுனிகளை உள்பக்கமாகவே சுருட்டிக்கொண்டது.

கொஞ்ச நாள் கழித்துப் பெரிய அதிகாரி படகில் வந்து இறங்கினார். "இவ்வளவு பார்த்துக்கிட்டும் இது ஏம்ப்பா பெருகவே மாட்டேங்குது?"

"அதுதாங்கய்யா எனக்கும் புரியலை" என்று சொல்லிக்கொண்டே, செபஸ்தியான் வேலிக்கு வெளியே புதிதாக முளைத்திருந்த பயற்றங்கன்று ஒன்றைப் பிடுங்கி எறிந்தான்.