மூன்றாவது பலகை

"சர்ச்சுக்குப் பலகை இருக்கு, கோட்டைக்குப் பலகை இருக்கு. போயும் போயும் இந்தத் துணி துவைக்கிற தொட்டிக்குமா சரித்திரச் சின்னம்னு ஒரு பலகை?"

பிரான்ஸின் துலூஸ் நகரத்திலிருந்து வந்திருந்த புராதனச் சின்னங்கள் துறை அதிகாரி லாரியே முகம் சுளித்தார். கிராமத்தின் கிழக்குக் கோடியில் தொட்டி பாசி பிடித்துக் கிடந்தது. மேலே கூரையில் பாதி ஓடுகளைக் காணோம்.

மேயர் சொலாஞ்ச் அசரவில்லை. இன்று இவர் மறுத்துவிட்டால் பிறகு எந்தக் கதவைத் தட்டியும் பயனில்லை என்பது மட்டும் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"ஏன் சார், ராஜா தூங்கின இடம்னாத்தான் சரித்திரமா? அந்த ராஜாவோட போர்வைய அலசினது இங்கதான்."

"ஆதாரம்?"

"கல்லைத் தடவிப் பாருங்க. முந்நூறு வருஷமா பொம்பளைங்க துணி தேய்ச்சே விழுந்த குழி. கோட்டையில இப்படி ஒரு கல்லைக் காட்டுங்க, இப்பவே ராஜினாமா பண்றேன்."

லாரியே வேண்டாவெறுப்பாகக் குனிந்து தடவினார். உள்ளங்கை குழிக்குள் வழுக்கிக்கொண்டு போனது. சற்று நேரம் கையை எடுக்கவே இல்லை.

"சரி... கூரை?"

"நீங்க கையெழுத்துப் போடுங்க. ஞாயித்துக்கிழமை நானே ஏணி போட்டு ஏறி ஓடு மாத்தறேன்."

"உங்ககிட்டப் பேசி ஜெயிக்க முடியாது மேயரம்மா." அவர் பேனாவை எடுத்தார். "தற்காலிகப் பாதுகாப்பு உத்தரவு இன்னிக்கே வந்துடும். ஆனா சர்ச்சுக்கும் கோட்டைக்கும் உள்ள அதே சட்டம்தான் இதுக்கும். சுத்தி ஐந்நூறு மீட்டருக்கு எங்களைக் கேக்காம ஒரு கோழிக்கூண்டு கூடக் கட்ட முடியாது. ஊர்க்காரங்க உங்களைத்தான் திட்டுவாங்க."

"திட்டட்டும் சார். சரித்திரம்னா சும்மாவா?" என்று பெருமூச்சு விட்டாள் சொலாஞ்ச்.

அவர் கார் கிளம்பியதும் அலுவலகச் செயலாளர் ஜோசெத் மூச்சிரைக்க வந்தாள்.

"மேயரம்மா, அந்தக் கம்பெனிக்காரன் மறுபடியும் ஃபோன் பண்ணிட்டான்! கிழக்கு வயல்ல ஆறாயிரம் பன்னிக்குக் கொட்டகை போட அனுமதி கேட்டு நாளைக்கு வர்றானாம். உங்களால தடுக்கவே முடியாதாம். சர்ச்சுல இருந்து எழுநூறு மீட்டர், கோட்டையில இருந்து எண்ணூறு மீட்டர் தள்ளி இருக்காம். நாத்தத்துல ஊரே காலியாகப் போகுது!"

சொலாஞ்ச் வாய்விட்டுச் சிரித்தாள்.

"அவன் அளந்தது சரிதான் ஜோசெத். தொட்டியில இருந்து நானூத்தி எண்பதுதான்னு சொல்லு. நானே ரெண்டு தடவை அளந்துட்டேன்."