இடது பக்கத்து ஈரம்

என் மனைவி மரகதவல்லி செத்ததிலிருந்து எங்கள் காரை யாரும் எடுக்கவில்லை. வண்டி ஓட்டத் தெரிந்தவள் அவள்தான். நான் கல்யாணமான நாளிலிருந்து இடது பக்கம் உட்கார்ந்தே வந்தவன். அந்த இடது பக்கத் தரைதான் தினமும் காலையில் நனைந்து கிடந்தது. மெக்கானிக் பீர்முகமது வந்து மிதியடியைத் தூக்கினார். தண்ணீரை விரலில் தொட்டு முகர்ந்தார்.

"பிசுபிசுப்பு இல்ல. அப்ப ரேடியேட்டர் தண்ணி இல்ல. மழையும் பெய்யல. இது ஏசி தண்ணி சார், வெளிய போற குழாய் அடைச்சிருக்கு. ஆனா வண்டி ரொம்ப தூரம் ஓடினாத்தான் இவ்வளவு சேரும்."

"ஓட்டுறவ இல்லையே பாய்."

அவர் பானட்டைத் தொட்டுவிட்டுக் கையை உதறினார். "சுடுது சார்."

நான் ஆச்சரியப்படவில்லை. இத்தனை நாளாக அழுகையே வராதவனுக்கு ஆச்சரியம் மட்டும் எங்கிருந்து வரும்? ஒன்றுதான் உறுத்தியது. முன்பெல்லாம் தெருமுனை மருந்துக் கடைக்குப் போனாலும் என்னை ஏற்றிக்கொண்டுதான் போவாள்.

"குழாயைக் குத்தி விட்டுரவா சார்? நாளைக்கே காய்ஞ்சிரும்."

"வேணாம் பாய். காய்ஞ்சிட்டா அவ போயிட்டு வர்றதே எனக்குத் தெரியாது."

உள்ளே போய் மங்கி குல்லாவை எடுத்து மாட்டிக்கொண்டேன். ஏசியை அவள் முழுசாகத்தான் வைப்பாள். வீட்டைப் பூட்டினேன். ஈரத்தில் காலை வைத்து, இடது இருக்கையில் உட்கார்ந்து, பெல்ட்டைப் போட்டேன்.

"எங்க சார் கிளம்பிட்டீங்க?"

"யாருக்குத் தெரியும்? அவ என்னிக்குச் சொல்லிட்டுக் கிளம்பியிருக்கா?"