கடலணைக்கு வந்த பலகை

யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறைக் கரையில் காலை வெயில் ஏறுகிறது. இரவு ஏறிய கடல்தண்ணீர் பிரசாந்தியின் முற்றத்தில் இன்னும் வடியாமல் நாறிக் கிடக்கிறது. கடலணைக்கென்று வந்த காலநிலை நிதியில் அணை எழும்பவில்லை; அவளது வாசலுக்கு நேரே பளபளவென்று பெயர்ப்பலகைதான் எழும்பியிருக்கிறது. அதைத் திறந்துவைக்க வந்த அதிகாரிகளின் மூன்று வாகனங்களும், திரும்பி ஏறும்போது உள்ளே குளிராக இருக்கவேண்டுமென்று, ஆளில்லாமலே உறுமிப் புகை கக்குகின்றன. கழுத்துப்பட்டி கட்டிய அதிகாரி ஒருவர், அலை தடுக்கும் கண்டல் மரக்கன்றொன்றை அவள் கையில் திணிக்கிறார்.

"படத்துக்கு ஒருக்காச் சிரியுங்கோ, தங்கச்சி."

"அணை எப்ப சேர் கட்டுவியள்?"

"அது அடுத்த கட்ட நிதியிலை."

பிரசாந்தி அவரை ஏற இறங்கப் பார்க்கிறாள்.

"அப்ப என்ரை சிரிப்பும் அடுத்த கட்டத்திலைதான்" என்று கன்றை அவரிடமே நீட்டிவிட்டு, தண்ணீர் இறைக்க வாளியை எடுக்கிறாள்.