சைக்கிளை விட்டு இறங்கிய லாயர்

ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் கார் வளைவில் திரும்பியதுதான் தாமதம், லாயர் இருதயம் இரவல் சைக்கிளை விட்டுக் குதித்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்து நின்றார்.

கார் நிற்கவில்லை. செம்மண்ணை வாரி அவர் வேட்டியில் இறைத்துவிட்டுப் போனது.

கூலிகள் குடியிருக்கும் லயத்து வாசலில் நின்று பார்த்த தங்கமணிக்கு வயிறு எரிந்தது. எரியாதா? துரையைக் கண்டும் சைக்கிளை விட்டு இறங்கவில்லை என்றுதானே அவள் புருஷன் பக்கிரிசாமியைக் கூண்டில் ஏற்றியிருக்கிறார்கள்! கலகம் மூட்டினானாம். நாளை கிள்ளான் கோர்ட்டில் தோற்றால் ஜெயில். அப்புறம் குடும்பத்தோடு ஊருக்கே கப்பலேற்றி விடுவார்கள். அவனுக்காக வாதாடப் பட்டணத்துப் பிரிக்பீல்ட்ஸிலிருந்து வந்த லாயர் செய்கிற காரியமா இது?

“ஏன் லாயரய்யா, கோட்டும் டையுமா வர்ற ஆளு இன்னைக்கு வேட்டி கட்டிக்கிட்டு வந்தப்பவே யோசிச்சேன். கும்பிடு போடத்தானா?”

“கோவப்படாத தங்கமணி.”

“என் புருஷன் கூலிக்காரன். அவனே இறங்கல. படிச்ச நீங்க இறங்குறீங்க! சட்டசபைக்கு உங்க பேரு அடிபடுதாமே. துரைமாருங்க சிபாரிசு பண்ணாத்தான் கிடைக்குமாமே. இப்பல்ல புரியுது!”

இருதயம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“நாளைக்குக் கோர்ட்டுக்கு வா. மிச்சத்தை அங்க வந்து திட்டு.”

மறுநாள் கோர்ட்டில் இருதயம் கோட்டும் டையுமாக வாதாட எழுந்து நின்றார். சாட்சிக் கூண்டில் துரை. துபாஷி எல்லாவற்றையும் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

“சைக்கிளை விட்டு இறங்கச் சொல்வது கூலிகளை மட்டம் தட்டத்தானே?”

“இல்லவே இல்லை. அது வெறும் மரியாதை. மனிதனுக்கு மனிதன் செய்வது.”

“அப்படியானால் ஒருவன் இறங்கி மரியாதை செய்தால் நீங்களும் பதிலுக்குச் செய்வீர்கள்?”

“நிச்சயமாக. கனவான்களின் வழக்கம் அது.”

“நேற்றுச் சாயங்காலம் லயத்துப் பக்கம் ஒருவன் இறங்கி நின்றானே. நீங்கள் தலையைக்கூட அசைக்கவில்லையே?”

துரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“அவனா? யாரோ ஒரு கூலி. கூலிக்கெல்லாம் யாராவது பதில் மரியாதை செய்வார்களா?”

மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார். மூலையில் நின்ற தங்கமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அடுத்து இருதயம் சொன்னது ஒரே வரி. அதோடு வழக்கு தள்ளுபடி. பக்கிரிசாமி சைக்கிளில் ஏறித்தான் வீட்டுக்குப் போனான். அந்த வருஷத்துச் சட்டசபை நாற்காலி வேறு ஆளுக்குப் போய்விட்டது. போகட்டும். பின்னாளில் அதே சட்டசபைக்குள் நுழைந்து துரைமார்களைத் தூங்கவிடாமல் அவர் அடித்த கூத்துக்கெல்லாம், மனுஷர் கிறிஸ்தவ வேதக்காரராக இருந்தாலும், பிள்ளையார் சுழி அந்த வரிதான்:

“அந்தக் கூலி நான்தான், துரை!”