வால் சுத்திடுச்சு

"தொடாத! இனிமே என் பிளேன் பக்கமே நீ வரக்கூடாது, சொல்லிட்டேன்!"

டக்... பொத். டக்... பொத். கத்திக்கிட்டே பிளேன் நிறுத்தற ஹேங்கருக்குள்ள நொண்டி நொண்டி வந்தாரு கேப்டன். கால்ல பளபளன்னு புது பூட்ஸு, மூஞ்சியில எள்ளும் கொள்ளும் வெடிக்குது.

ஸ்பேனர் டயர்லேர்ந்து கையை எடுத்துட்டு எந்திரிச்சா. மெக்கானிக் பொண்ணுக்கு அங்க அதான் பேரு. வலது றெக்கை நுனி கிழிஞ்சு நிக்கிற அந்தக் குட்டி பிளேனையே பாத்துக்கிட்டிருந்தா.

இந்த மாதிரி பிளேனுக்கு மூணாவது சக்கரம் வாலுக்கு அடியில. தரையில ஓடறப்ப லேசா கோணினாலும் போச்சு, வால் முன்னாடி வந்துடும், அப்புறம் பம்பரம்தான். இன்னிக்குக் காலையில கேப்டன் தரையிறக்கறப்ப அதான் ஆச்சு.

"வால் சக்கரத்து ஸ்பிரிங்கை இவ ஒழுங்கா மாட்டல மாப்ள! நான் செத்திருப்பேன்!"

பின்னாடியே வந்த அந்த மாப்ளதான் பிளையிங் கிளப் முதலாளி. கேப்டனோட தங்கச்சியைக் கட்டினவரு. தீர்ப்பு எந்தப் பக்கம் சாயும்னு தனியா சொல்லணுமா? விபத்து ரிப்போர்ட்ல ஒரு தடவை மெக்கானிக் பேரு கெட்டா, வேற எந்த ஹேங்கர்லயும் உள்ளயே விடமாட்டாங்க.

"ஸ்பிரிங் நல்லா இருக்கு சார், இப்பதான் பாத்தேன். இடது டயர் மட்டும் ஒரே இடத்துல வழிச்செடுத்த மாதிரி தேஞ்சிருக்கு. பிரேக்கை ஏதும் மிதிச்சீங்களா?"

"யாருகிட்ட என்ன கேக்கற? அது குதிகாலால அமுக்கற பிரேக்கு. இறங்கறப்ப அது மேல காலே படக்கூடாதுன்னு நீ பொறக்கறதுக்கு முன்னாடியே பாடம் எடுத்தவன் நான்!"

"விடுங்க மச்சான்," முதலாளி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாரு. "உக்காருங்க. பூட்ஸைக் கழட்டுங்க, வீங்கியிருக்கான்னு பாப்போம். ஐஸ் கொண்டுவரச் சொல்றேன்."

"ஐஸும் வேணாம், ஒண்ணும் வேணாம்!" கேப்டன் சட்டுனு காலை நாற்காலிக்கு அடியில இழுத்துக்கிட்டாரு. "முதல்ல இவளை வெளிய அனுப்பு. அவ இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

முதலாளி தலையைச் சொறிஞ்சாரு. ஸ்பேனர் முகத்தைப் பாக்காமலே பேசினாரு.

"பெட்டியை எடுத்துக்கோம்மா. நாளையிலேர்ந்து வரவேணாம். ரிப்போர்ட்டை நான் எழுதிக்கறேன்."

"என்ன எழுதுவீங்க சார்?"

"வேற என்னத்தை எழுத? ஸ்பிரிங்தான்."

ஸ்பேனர் டார்ச்சை எடுத்துக்கிட்டு நேரா போய் பிளேனுக்குள்ள தலையை விட்டா.

"ஏய்! தொடாதன்னேன்ல!" கேப்டன் நாற்காலியைத் தள்ளிவிட்டுட்டு ஓடி வந்தாரு. டக், பொத், டக், பொத்!

அதுக்குள்ள அவ வெளிய வந்துட்டா. இடது பிரேக் பெடலை எந்திரிக்க விடாம இறுக்கிக்கிட்டிருந்த ஒரு கறுப்புக் கட்டை அவ கையில இருந்துச்சு. புத்தம்புது பூட்ஸ் ஹீல், ஆணியோட.

அதைக் கொண்டுபோய் முதலாளி மேஜையில வெச்சா.

"இந்தாங்க சார், உங்க மச்சானோட நொண்டல்."