பாம்புக்கு ஓர் அறை

மாமனாருக்குத் தனி அறை வேண்டுமாம். மூன்றாவது தடவையாகக் கேட்டுவிட்டார்.

பிரஷாந்தனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வென்ட்வேர்த்வில்லில் அவனுடையது சின்ன வீடு. ஓர் அறையில் அவனும் சுஜீவாவும். ஒன்றில் மகள் லக்சிகா. இன்னொன்றில் அவனுடைய அப்பாவும், சுஜீவாவின் அப்பா ஆனந்தராஜாவும். மிச்சமிருந்த குட்டி அறைதான் அவனுடைய ஒபிஸ். கிழமையில் நாலு நாள் வீட்டிலிருந்துதான் வேலை.

"ஒபிஸ் அறையைத் தர ஏலாது மாமா. பிறகு நான் வேலையை எங்க செய்யிறது?" என்று முகத்திலடித்த மாதிரிச் சொல்லிவிட்டான். ஆனந்தராஜா திரும்பிப் போய்விட்டார்.

சம்பந்திமார் இருவரும் ஒரே அறையில் ஒற்றுமையாக இருக்கிறார்கள் என்று கோயிலில் எல்லோரும் வாய் நிறையப் புகழ்கிறார்கள். அந்தப் பெயரை இவர் கெடுத்துவிடுவார் போலிருந்தது. அவனுடைய அப்பா ஊரிலிருந்து வந்தும் ஆறு மாதமாகிறது, ஒரு குறை சொன்னதுண்டா? உன்ர அப்பாவுக்கு ஒருத்தரோடும் ஒத்துப்போகத் தெரியாது என்று சுஜீவாவிடமும் கொட்டித் தீர்த்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு குசினிக்குள் சமைக்கப் போனாள்.

அந்தச் சனிக்கிழமைதான் இரண்டாவது பாம்பு வந்தது.

பிரஷாந்தன் முறைப்படி லைசன்ஸ் எடுத்து ஒரு மலைப்பாம்பு வளர்க்கிறான். ஹோலில் கண்ணாடிப் பெட்டிக்குள், சூட்டு லைற்றுக்குக் கீழே ராசா மாதிரிக் கிடக்கும். இப்போது வேலையிடத்துச் சிநேகிதன் ஒருவன் நாட்டின் மறுகரையிலிருக்கும் பேர்த்துக்குக் குடிபோகிறான். தன் பாம்பையும் இவனிடம் தந்துவிட்டான்.

"ரெண்டையும் ஒரே பெட்டிக்குள்ள விடுங்கோவன். இடம் கிடக்குத்தானே," என்றாள் சுஜீவா.

பிரஷாந்தன் பதறிப்போனான். சாப்பாட்டு மேசையில் எல்லோரையும் வைத்துக்கொண்டு அரை மணித்தியாலம் வகுப்பெடுத்தான். பாம்பு தனியே வாழ்கிற சீவன். இரண்டு பாம்பு ஒன்றின்மேல் ஒன்று படுத்திருந்தால் பாசமென்று சனம் படமெடுத்துப் போடும். பாசமுமில்லை, மண்ணுமில்லை. பெட்டிக்குள் சூடான இடம் ஒன்றே ஒன்றுதான், இரண்டுக்கும் அது வேண்டும், அவ்வளவுதான்.

"கஷ்டப்படுற பாம்பு அதை வெளியில காட்டாது. சண்டை பிடிக்காது, சத்தம் போடாது. கொஞ்சம் கொஞ்சமா மெலிஞ்சுபோகும். நாங்கள்தான் பாத்து விளங்கிக்கொள்ள வேணும். அந்த மனச்சாட்சி இல்லாதவன் பாம்பு வளர்க்கக் கூடாது."

ஆனந்தராஜா கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிரஷாந்தனின் அப்பா பாதியிலேயே கதிரையில் சாய்ந்தபடி தூங்கிப்போனார். வயதுபோனால் அப்படித்தான் என்று பிரஷாந்தன் தன் பேச்சைத் தொடர்ந்தான்.

பின்னேரமே ஒபிஸ் அறை காலியானது. கொம்பியூட்டர் சாப்பாட்டு மேசைக்கு வந்தது. வேலையை அங்கேயிருந்தும் செய்யலாம் என்பது அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அறைக்குள் புதுப்பெட்டி, புது லைற், தண்ணீர்ச் சட்டி, ஒளிந்துகொள்ள ஒரு மரப்பொந்து எல்லாம் வைத்துப் பாம்பைக் குடியேற்றினான்.

திரும்பினால் வாசலில் மாமனார் நிற்கிறார். பிரஷாந்தனுக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

"கோவிக்காதேங்கோ மாமா. மனிசரெண்டால் கஷ்டத்தை வாய்விட்டுச் சொல்லுவினம். இதுகள் பாவம், சொல்லாதுகள்."

"கோவமில்லைத் தம்பி. நான் எனக்காக அறை கேட்கேல்லை," என்றார் ஆனந்தராஜா. "உங்களுக்குச் சொல்லக்கூடாதெண்டு உங்கட அப்பா என்னட்டச் சத்தியம் வாங்கினவர். இண்டைக்கு அதை மீறுறன். நான் இரவிரவா இருமுறனான். ஒவ்வொருக்காலும் அந்த மனிசன் எழும்பி எனக்குச் சுடுதண்ணி ஊத்தித் தாறார். ஆறு மாசமா அவருக்கு ஒழுங்கான நித்திரை இல்லை. ஏன் எழும்பினனீங்கள் எண்டு கேட்டால், தனக்கும் தாகமெண்டுறார்."