ஆயில் ஒட்டாது

சிவப்பு நிற கியர் ஆயிலைக் குளிரவைக்கும் குழாய்கள் இரண்டையும் மாற்றிய பிறகும் டீசல் பிக்கப்பின் அடியில் சிவப்பாகச் சொட்டிக்கொண்டிருந்தது. ஜாக்கியில் தூக்கிய வண்டிக்குக் கீழே மல்லாந்து கிடந்த மெக்கானிக் அந்தோணிராசு, வழக்கம்போல ஒரு சொட்டை விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தான். ஆயில் என்றால் வழுக்கும். இது ஒட்டியது. தார்ப்பாய் போட்டு மூடிய பின்தொட்டியிலிருந்து அது வண்டியின் அடிச்சட்டமான சேஸ் வழியாக வழிந்துகொண்டிருந்தது.

"இன்னுமா ஒழுகுது?" வண்டிக்காரனின் செருப்புக் கால்கள் நெருங்கி வந்தன.

"பழைய ஆயில்தாண்ணே. வடிஞ்சதும் நின்னுரும்."

மேலே யாரோ தகரத்தை நகத்தால் சுரண்டும் சத்தம் கேட்டது. அதை மறைக்க அந்தோணிராசு ஸ்பேனரால் சேஸைத் தட்டினான். யாரோ பதில் கொடுக்கிறார்கள் என்று நினைத்து, தொட்டிக்குள் கிடந்தவன் ஓங்கி உதைத்தான்.

செருப்புக் கால்கள் ஜாக்கியின் பக்கம் திரும்பின.